தீவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? (மன்னார் வளைகுடா)

வண்டியூர்வாசி:
அரைப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளை மதுரையில் இருந்து ராமேஸ்வரம் கூட்டிப் போயிருந்தேன். கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும்போது குந்துக்கல் விவேகானந்தர் மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். எதிரே கடலில் பச்சையாக ஒரு கோடு. குருசடைத் தீவு என்றார்கள். நீந்தத் தெரிந்தவன் நீந்தியே போய்விடுவான் போல, அவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது. என் மகள் ஆறாம் வகுப்பு, பவளப்பாறை பாடத்தில் படித்திருக்கிறாள், போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். வனத்துறைப் படகு அன்றைக்கு இல்லை. மற்ற தீவுகளில் கால் வைக்கவே கூடாதாம், தேசியப் பூங்காவாம். பூங்கா என்றால் ஆட்கள் போய்ப் பார்ப்பதற்குத்தானே? ஈகோ பார்க் போல டிக்கெட் போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இதில் கூத்து என்னவென்றால், ஒருவர் பக்கத்தில் வந்து, "காலையில் அஞ்சு மணிக்கு வாங்க சார், ஆளுக்கு ஐநூறு, சத்தமில்லாமல் இறக்கி விடுறேன்" என்றார். மனைவி முறைத்த முறைப்பில் விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. வரி கட்டுகிறோம், கடலும் நம்முடையது, யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

சிம்மக்கல்:
யாருக்காக என்றா கேட்கிறீர்கள். அதிகாரிகளின் மச்சான் மச்சினிக்காக. 😀

தெப்பக்குளம்_லென்ஸ்:
மொத்தம் 21 தீவு அண்ணே, தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை கரையை ஒட்டி வரிசையாக. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றியிருக்கிற கடலையும் சேர்த்து 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். தேசியப் பூங்கா என்பது சட்டத்தில் ரொம்பக் கடுமையான வகை. மாட்டுத்தாவணி பக்கத்தில் இருக்கிற பூங்காவும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

அப்புறம் 21 என்று பழக்கத்தில் சொல்கிறேன், இப்போது வெளியே தெரிவது 19 தான். இரண்டு முங்கிப்போச்சு.

வண்டியூர்வாசி:
முங்கிப்போச்சா? தீவா? எப்படி?

பாம்பன்_பொண்ணு:
முதலில், அந்த ஐநூறு ரூபாய் ஆளோடு போகாதது நல்லது அண்ணே. மாட்டினால் உங்களுக்கு அபராதம், வழக்கு. படகுக்காரருக்கு அதைவிட மோசம், படகையே பிடித்து வைத்துக்கொள்வார்கள், அப்புறம் ஆறு மாதம் அலைய வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். கல்யாணமாகி இப்போது பழங்காநத்தத்தில் இருக்கிறேன். நீங்கள் குந்துக்கல்லில் நின்று பார்த்த தீவைச் சுற்றித்தான் எங்கள் அம்மா முப்பது வருடம் பாசி எடுத்தார். பாசி என்றால் குளத்துப் பாசி இல்லை, கடல்பாசி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை வகையாக இருக்கிறது. பொம்பளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு படகில் போவார்கள். சேலை மேல் அப்பாவின் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் துணி சுற்றி நூலால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிக் கல்லில் இருந்து பிடுங்க வேண்டும். துணி சுற்றியும் விரல் கிழியும். அம்மாவின் கைரேகை மெஷினில் விழாமல் ரேஷன் கடையில் எத்தனை நாள் திரும்பி வந்திருக்கிறார் தெரியுமா.

உங்களை ஒரு நாள் விடவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது வேலை செய்கிற இடம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீவில் இறங்கி அங்கேயே சோறு பொங்கிச் சாப்பிட்டு, கிணற்றுத் தண்ணீர் குடித்து வருவார்கள். 2000-க்குப் பிறகு கெடுபிடி ஆகி, தீவில் கால் வைக்காதே, கிட்டே வராதே, பாசியை எடுத்தால் பறிமுதல் என்று ஆகிவிட்டது. அதனால் யாருக்காகப் பூட்டினார்கள் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டுவிட்டோம்.

சிம்மக்கல்:
இது பாயின்ட்.

பழைய_விலங்கியல்:
தம்பி வண்டியூர்வாசிக்கும் பாம்பன் மகளுக்கும் வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன், தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவு எப்படி முங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தீவுகள் மலையின் உச்சி இல்லை. பவளப்பாறை மேல் அலை கொண்டுவந்து கொட்டிய மணலும் உடைந்த சல்லியும்தான் தீவு. பல தீவுகள் கடல்மட்டத்துக்கு மேல் ஆள் உயரம் இருந்தாலே பெரிது. தீவுக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் இருக்கிற பவளத்திட்டுதான் அலையை உடைத்து, அதன் வேகத்தைக் குறைத்து உள்ளே அனுப்புகிறது. அந்தத் திட்டை வெட்டி எடுத்துவிட்டால் அலை நேராக மணலில் மோதும், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். தூத்துக்குடிக்கு எதிரே விலங்குசல்லி, கீழக்கரைக்கு எதிரே பூவரசன்பட்டி, இரண்டும் அப்படித்தான் போயின. பல பத்தாண்டுகளாகப் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் போனது.

தூத்துக்குடி வான் தீவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986-ல் 16 ஹெக்டேர் அளவில் இருந்தது, முப்பது வருடத்தில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. அப்புறம்தான் கான்கிரீட்டில் செயற்கைத் திட்டுகள் செய்து முன்னால் இறக்கினார்கள். கரைவது நின்று மணல் திரும்பச் சேர ஆரம்பித்தது. இயற்கை சும்மா செய்துகொண்டிருந்த வேலையை நாம் காசு கொடுத்துக் கான்கிரீட்டில் செய்கிறோம்.

நெல்பேட்டை_பாய்:
சார் சொல்வது சரி. ஆனால் வெட்டியவர்களை மட்டும் திட்டாதீர்கள். எங்கள் உம்மாவின் ஊர் கீழக்கரை. நன்னாவின் வீடு முழுக்க முருகைக்கல், அதாவது பவளக்கல். சின்ன வயதில் மதியம் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கல்லைப் பார்ப்போம், பூப்பூவாக, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ராமநாதபுரம் சீமையில் மலை ஏது, கருங்கல் ஏது? கல் வேண்டுமென்றால் கடலில்தான். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் சுண்ணாம்பு அங்கேயிருந்துதான். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லுவேன், நன்னா காலத்தில் வீட்டுக்கு எடுத்தார்கள், பிறகு லாரிக்கு எடுத்தார்கள்.

கரிமேடு_மீன்கடை:
சுனாமிக்கு அப்புறம்தான் பல பேருக்குப் புத்தி வந்தது பாய். பார் (பவளத்திட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) இருக்கிற பக்கம் அலை அடங்கி வந்தது, எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களே சொன்னார்கள். கல்லு வெட்டுகிறதும் அதோடு ஓய்ந்தது.

தெப்பக்குளம்_லென்ஸ்:
சட்டமும் அதற்குள் வந்துவிட்டது. 2001-ல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை.

சிம்மக்கல்:
கடல் அட்டையும் புலியும் ஒரே கேட்டகரி. அருமை. புலியைப் பார்த்தால் நாம் ஓடுவோம், அட்டை நம்மைப் பார்த்தால் கூட ஓடாது. அங்கே தொழில் செய்தவன் என்ன ஆனான் என்று யாராவது கேட்டார்களா? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதே அட்டையைப் பிடித்து, காயவைத்து, சட்டப்படி ஏற்றுமதி செய்கிறார்கள். இங்கே பிடித்தால் ஜெயில். அதனால்தான் இங்கே பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக அங்கே கடத்துகிறார்கள். வாரத்துக்கு ஒரு செய்தி வருகிறது. தடை போட்டு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, லாபம் கடத்தல்காரனுக்கு, நஷ்டம் முங்கு குளித்தவனுக்கு.

அப்புறம் இன்னொன்று. பாசி எடுக்கிற கிழவி மேல் கேஸ், கரையோர ஆலைகள் கொட்டுகிற கழிவும் சுடுதண்ணீரும் யார் கணக்கு? சேதுக் கால்வாய் என்று 2005-ல் கடலுக்கு நடுவில் தூர்வார ஆரம்பித்தார்களே, அந்தச் சேறெல்லாம் எந்தப் பவளத்தின் மேல் போய்ப் படிந்ததோ? அப்போது தேசியப் பூங்கா ஞாபகம் வரவில்லையா? அதை யார் கொண்டுவந்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று ஆரம்பித்தால்

மட்டுறுத்துனர்:
ஆரம்பிக்க வேண்டாம். கால்வாய் அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, 340 பதிவு ஓடி நான்தான் பூட்டினேன். இங்கே கடலையும் அதில் இருக்கிற உயிர்களையும் பேசுங்கள்.

சிம்மக்கல்:
சரி சார். ஆனால் கேள்வி கேள்விதான்.

பழைய_விலங்கியல்:
சிம்மக்கல் தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அட்டையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். மண்புழு வயலுக்குச் செய்வதை அது கடல் தரைக்குச் செய்கிறது. மணலை விழுங்கி அதில் இருக்கிற அழுக்கைத் தின்று சுத்தமான மணலை வெளியே விடும். ஓடத் தெரியாது என்பதால்தான் அதற்கு அட்டவணை தேவைப்படுகிறது. புலி தன்னைத் தானே கொஞ்சமாவது பார்த்துக்கொள்ளும்.

நான் ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. பாம்பன் மகள் எழுதியதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபதுகளில் நான் மாணவன், அப்புறம் ஆசிரியர். வருடா வருடம் மாணவர்களை ரயிலில் ஏற்றி மண்டபத்துக்கும் குருசடைக்கும் கூட்டிப் போவோம். உயிரியல் படிக்கிறவனுக்கு அது சொர்க்கம் என்பார்கள், பொய்யில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் முயல், கடல் சாமந்தி என்று காலடியில். மணலைத் தோண்டினால் பெலனோகிளாசஸ் வரும். பார்க்கப் புழு, ஆனால் முதுகெலும்பு உள்ள நமக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். கையில் எடுத்தால் அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் அயடோபார்ம் மருந்து வாடை அடிக்கும். அதைப் பார்க்கவென்றே வெளி மாநிலக் கல்லூரிகள் வரும்.

வந்து என்ன செய்தோம்? வாளி வாளியாக அள்ளினோம். ஒவ்வொரு மாணவனும் பதிவேட்டோடு பத்து மாதிரி சமர்ப்பிக்க வேண்டும் என்று விதி. நாற்பது மாணவர்கள், நானூறு உயிர், ஒரு கல்லூரி, ஒரு வருடம். எல்லாம் உடல் கெடாமல் வைக்கும் பார்மலின் ஜாடியில். அடுத்த வருடம் பழைய ஜாடியில் இடமில்லை என்று கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவோம். பாசி எடுக்கும் பெண்கள் பக்கத்துப் படகில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இதையெல்லாம் திம்பீங்களா சார்?" என்று ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கடலை வெறுமையாக்குகிறார்கள் என்று பின்னால் பழி வந்தபோது அது அவர்கள் மேல்தான் வந்தது, எங்கள் மேல் வரவில்லை. எங்களிடம் அனுமதிக் கடிதம் இருந்தது.

பாம்பன்_பொண்ணு:
ஐயா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், போனில். "காலேஜு பயலுக வருவாங்கெ, முள்ளெலிய மிதிச்சுட்டுக் கத்துவாங்கெ" என்று சிரிக்கிறார். கோபமெல்லாம் இல்லை.

அம்மா எழுதச் சொன்னது ஒன்று. அவர்களாகவே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இருக்கிறது. மாதம் முழுக்கப் போவதில்லை, நாளை எண்ணித்தான் போகிறார்கள். பாசி வளர்கிற மாதங்களில் கடலுக்கே போவதில்லை. கம்பி வைத்துச் சுரண்டுவதில்லை, கையால் மட்டும்தான், அடியை விட்டுவிட்டு மேலே பிடுங்கினால் திரும்பத் தழைக்கும். சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவில் இருந்து ஸீகாலஜி விருது கொடுத்தார்களே, இதற்காகத்தான். விருது கொடுத்த கடலில் அடுத்த வாரம் முங்கப் போனால் விரட்டுகிறார்கள், அது வேறு கதை.

நீங்கள் எல்லாம் அது எங்கேயோ இருக்கிற தீவு என்று பேசுகிறீர்கள். அம்மா எடுத்த பாசி எங்கே போனது தெரியுமா? மதுரைக்கு. வியாபாரி வாங்கி, காயவைத்து, லாரியில் மதுரைக்கு ஏற்றுவார். அகர் அகர் காய்ச்சுகிற கம்பெனிகள் இங்கேதான் அதிகம். அந்த அகர்தான் கடல்பாசி என்று பொட்டலத்தில் வருகிறது, நோன்புக்குக் காய்ச்சுகிறோம், ஜிகர்தண்டாவில் அடியில் போடுகிறோம்.

வண்டியூர்வாசி:
ஜிகர்தண்டாவிலா?! நான் அதைப் பாதாம் பிசின் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கரிமேடு_மீன்கடை:
இப்போது நிறையப் பேர் பிசின்தான் போடுகிறார்கள், பழைய முறை கடல்பாசி. சில கடையில் இரண்டும். வழவழ என்று இருந்தால் பிசின், நறுக்கென்று கடிபட்டால் பாசி. மதுரைக்காரன் என்று சொல்லிவிட்டு இது தெரியவில்லை என்றால் எப்படி. 😀

நெல்பேட்டை_பாய்:
நோன்பு மாதம் எங்கள் தெருவில் கடல்பாசி காய்ச்சாத வீடு கிடையாது. இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன், கடலில் இருந்து வருகிறது என்று பெயரிலேயே இருக்கிறது, யார் எடுத்தது என்று யோசித்ததில்லை.

தெப்பக்குளம்_லென்ஸ்:
நம் வைகையும் அந்தப் பக்கம்தான் போகிறது. சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் கலக்க மாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய பாட்டு ஒன்று சொல்லும். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் கதை முடிந்துவிடும் என்பார்கள். ஆனால் பெருவெள்ளம் வந்தால் கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் நீரிணையில் விழுகிறது. நாம் ஆரப்பாளையத்தில் போடுகிற குப்பை கடலுக்குப் போகாது என்று பாட்டை நம்பி இருக்க வேண்டாம்.

கரிமேடு_மீன்கடை:
எங்கள் தொழிலையும் சொல்கிறேன். விளமீன், பாரை மீன், ஊளி, கிளிமீன், இதெல்லாம் பாரை ஒட்டி மேய்கிற மீன். நீலக்கால் நண்டு கடல்புல்லில் இருப்பது. பார் செத்தால் கடையில் பலகை காலி. முன்னால் 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017-ல் இருந்து 61 நாள், ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதம் நீங்கள் கடைக்கு வந்து என்னங்க விலை என்று என்னைத் திட்டுகிறீர்கள். அந்த இரண்டு மாதமும் இல்லை என்றால் மீதிப் பத்து மாதத்துக்கு மீன் ஏது.

ஆனால் இழுவைமடிக்காரர்களைக் கேட்காமல் பாசிக்காரர்களைக் கேட்பது எனக்கும் ஒப்பவில்லை. ஒரு மடி இழுத்தால் தரையில் இருக்கிற புல்லு, குஞ்சு, சிப்பி, எல்லாம் துடைத்துக்கொண்டு வரும். எங்களுக்குச் சரக்கு அதில்தான் வருகிறது, அதையும் மறைக்கவில்லை.

வண்டியூர்வாசி:
சரி, நான் பூட்டை மட்டும் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். மகள் இன்னொன்று கேட்கச் சொன்னாள். கடற்பசு என்று ஒன்று இருக்கிறதாமே, அது கரையில் இருந்து தெரியுமா? பால் குடிக்குமா?

கரிமேடு_மீன்கடை:
ஆவுளியா! எங்கள் அப்பாவுக்குத் தொண்டிப் பக்கம். நானே பார்த்திருக்கிறேன், எட்டு வயதில், வலையில் மாட்டிச் செத்துக் கரையில் கிடந்தது. மூக்கு பன்றி மாதிரி, வால் திமிங்கிலம் மாதிரி. பொம்பளைகள் சிலர் கிட்டே போகமாட்டேன் என்றார்கள், அதற்கு மடி நம்மைப் போலவே இருக்கும் என்பதால். அந்தக் காலத்தில் கறியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆட்டுக்கறி போல இருக்குமாம். அப்பா சாப்பிட்டவர். கேட்டால் பேச்சை மாற்றுவார்.

பழைய_விலங்கியல்:
பேத்திக்குச் சொல்லுங்கள்: கடற்பசு பாலூட்டி, குட்டி பால்தான் குடிக்கும். பெரியது கடல்புல் மட்டும் மேயும், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ. மூச்சுக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும், அதனால்தான் வலையில் மாட்டினால் மீனைப் போலத் தாங்காது, முங்கிச் செத்துவிடும். 13, 14 மாதம் சுமந்து ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். ஆகவே ஒன்று போனால் ஈடு செய்வது மிகவும் சிரமம். கரையில் இருந்து தெரியாது, அங்கேயே வாழ்கிற மீனவர்களுக்கே அபூர்வம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே அதற்கென்று முதல் காப்பகம்.

பாம்பன்_பொண்ணு:
எங்கள் பக்கம் கடல்புல்லைத் தாழை என்போம். இப்போது ஆவுளியா வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். வனத்துறை அதற்கு வெகுமதி கொடுக்கிறது. வலை போனால் காசு போச்சு, அதற்கு ஏதாவது கொடுத்தால்தான் விடுவார்கள், இதில் தப்பு ஒன்றும் இல்லை. மிரட்டி நடக்காதது இப்படி நடக்கிறது. பாசி விஷயத்திலும் இப்படி உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

சிம்மக்கல்:
உருப்படியான பேச்சு. அரசாங்கம் இந்த இழையைப் படிக்காது என்பது மட்டும்தான் குறை.

பழைய_விலங்கியல்:
ஒரு கவலையும் இருக்கிறது, யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எவ்வளவு பூட்டினாலும் வெயிலைப் பூட்ட முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் தன்னுள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். வெளுத்து நிற்கும். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாவுதான். 2010-ல் வந்தது, 2016-ல் மிக மோசம். அதுவரை நூற்றுக்கு 39 பங்கு போல இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23-க்கு இறங்கியது. கல் வெட்டி வருடக்கணக்கில் செய்ததை ஒரு கோடை செய்துவிடுகிறது. ஏற்கெனவே நோயாளியாக இருக்கிறவனைப் போய்ப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் போவோமா? என் அபிப்பிராயம் இதுதான் தம்பி, தீவில் இறங்க வேண்டாம். பாசிக்காரப் பெண்கள் வேறு, நாம் வேறு.

தெப்பக்குளம்_லென்ஸ்:
இறங்காமலே பார்க்க நிறைய இருக்கிறது அண்ணே. டிசம்பரில் இருந்து மார்ச் வரை தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கின தண்ணீரில் பூநாரை வரும், 2025-ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள். ட்ரோன் வேண்டாம், கிட்டே நடக்க வேண்டாம், ஒரு தடவை பறக்கவிட்டால் அன்றைக்கு அது தின்றதெல்லாம் வீண். போன தடவை ஒரு குடும்பம் ரீல்ஸ் எடுப்பதற்காகக் கைதட்டி விரட்டியது. நான் சண்டை போட்டேன், என்னைத்தான் லூசு என்றார்கள்.

அதே மாதங்களில் சித்தாமை முட்டையிட வரும். முட்டையை எடுத்து வேலி போட்டுப் பொரிக்க வைக்கிறார்கள், குஞ்சை விடுகிற அன்றைக்கு அமைதியாக நின்றால் பார்க்க விடுவார்கள். படகுதான் வேண்டும் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு போங்கள், ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறார்கள். ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையிலும் இருக்கிறது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போவதாக இருந்தால் அக்டோபரில் இருந்து மார்ச் வரை நல்லது, அதற்கு அப்புறம் காற்று. எதற்கும் முன்னாலேயே போன் செய்து படகு உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். குந்துக்கல்லில் பட்டது போதும்.

வண்டியூர்வாசி:
(ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், இழை இன்னும் பூட்டப்படவில்லை என்பதில் சந்தோஷம்.)

போன சனி, ஞாயிறு போய் வந்தோம். முதலில் காரங்காடு. படகில் எங்களோடு வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும், அந்த ஊர்தான். அலையாத்திக் காட்டுக்கு நடுவில் ஓடை மாதிரி ஒரு வழி, படகு அதில் போகிறது. சேற்றில் இருந்து ஆயிரக்கணக்கில் குச்சி குத்தி வைத்த மாதிரி நிற்கிறது, அது வேராம், மூச்சு விடுவதற்காக மேல்நோக்கி வளர்கிறதாம். மகன் "மரம் ஸ்ட்ரா போட்டுக் குடிக்குதா அப்பா?" என்றான். ஓடையைத் தாண்டிக் கடல் விரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பையன் குனிந்து பார்க்கச் சொன்னான். அடியில் புல். நிஜமாகவே புல்வெளி, தண்ணீரோடு சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது. ஆவுளியா வருமா என்று மகள் கேட்டாள். "எங்க தாத்தா பார்த்திருக்காரு, நான் இன்னும் பார்க்கல" என்றான். பத்து நிமிடம் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். என் மகள் பத்து நிமிடம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை தனுஷ்கோடி. பூநாரை நின்றது, ஆனால் தூரத்தில், என் போனில் எடுத்தால் வெள்ளைப் புள்ளி. லென்ஸ் தம்பி, கிட்டே போகவில்லை, சத்தியம்.

திரும்பும்போது பாம்பனில் தங்கச்சி சொன்ன அடையாளத்தை வைத்து அம்மா வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசல் மணலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மோர் கொடுத்தார். விரலைப் பார்த்தேன், அதைப் பற்றி ஒன்றும் எழுத வரவில்லை. குருசடைத் தீவைக் காட்டி, "அதுக்குள்ள போகணும்னு இவ அழுதா" என்று மகளைக் காட்டினேன். "பெரியவளாகிப் படிச்சு ஆபீசரா வா, என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். கிளம்பும்போது காய்ந்த மரிக்கொழுந்து ஒரு கைப்பிடி மகளுக்குக் கொடுத்தார். வாளி வாளியாக அள்ளியதைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்திருந்ததால் இவள் வாங்கலாமா என்று என்னைப் பார்க்கிறாள். அது பாட்டி எடுத்தது, வாங்கிக்கொள் என்றேன்.

இப்போது அது ஷோகேஸில் ஒரு பூஸ்ட் பாட்டிலில் இருக்கிறது. ஹால் முழுக்க கருவாட்டு வாடை. மனைவி இரண்டு தடவை தூக்கிப் போடப் போய் மகள் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

பாம்பன்_பொண்ணு:
அம்மா சொன்னார் அண்ணே. மோர் உப்பு அதிகமாகிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். வாடை போக நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசி, மொட்டைமாடியில் வெயிலில் போடுங்கள். நாலு நாள் இப்படிச் செய்தால் வெள்ளையாகிவிடும். அப்புறம் காய்ச்சலாம்.

பழைய_விலங்கியல்:
ஜாடியில் பார்மலின் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளவும்.

கரிமேடு_மீன்கடை:
வண்டியூர்க்காரரே, ஆளுக்கு ஐநூறு மிச்சம் ஆயிற்று இல்லையா, ஞாயிறு காலை ஆறு மணிக்குள் வாருங்கள். பாம்பன் விளமீன் வருகிறது, சொல்லி வைக்கிறேன். ஏழு மணிக்கு வந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்கக் கூடாது.

வண்டியூர்வாசி:
ஒரு கிலோ எடுத்து வையுங்கள் அண்ணே. மகளும் வருகிறாளாம், எந்த மீன் பாரில் மேய்வது, எது புல்லில் மேய்வது என்று உங்களிடம் கேட்க ஒரு பக்கம் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள்.